இன்டர்வியூ அம்மாவின் முகம்

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முகம் மாறத் தொடங்கியது ஐப்பசி மழையின்போதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் எந்தப் பிள்ளைக்கு முதலில் மாறியது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், ஏனென்றால் முதலில் யாருமே அதை வெளியே சொல்லவில்லை, சொன்னால் அதற்கு முன்னால் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அந்தக் காரியத்தைச் செய்தவர்களும் நாங்கள்தான், ஒன்றும் தெரியாத மாதிரி ஊருக்குள் திரிந்தவர்களும் நாங்கள்தான்.

கண்மாய்க்கு மேற்கே மேட்டில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடம் இருந்தது. போர்டில் பெரிய பெயர் எழுதியிருந்தார்கள், அது எங்கள் வாயில் நுழையாததால் மேட்டுப் பள்ளிக்கூடம் என்றே சொன்னோம். பருப்பு மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் வத்தல் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஊருக்குள் அரசுப் பள்ளிக்கூடமும் இருந்தது, நல்ல வாத்தியார்களும் முட்டையோடு மதியச் சாப்பாடும் அங்கே உண்டு, ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளை மிதிக்காத பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளை படித்தால் நாளைக்கு அந்த முதலாளி பிள்ளைக்கு முன்னால்தான் கைகட்டி நிற்கும் என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. அதனால் மில்லில் சொளகு பிடித்துப் பருப்பு புடைக்கிற பெண்களும் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிற ஆண்களும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். அங்கே பணம் கட்ட ஒரு ஜன்னல் இருந்தது, ஆனால் ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஏ.சி. அறை இருந்தது, அந்த அறையில் பிள்ளையைவிடப் பெற்றவர்களுக்குத்தான் பரீட்சை வைத்தார்கள். அம்மா என்ன படித்திருக்கிறார், வீட்டில் யார் பாடம் சொல்லிக்கொடுப்பார், பிள்ளையிடம் என்ன பாஷையில் பேசுவீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். எங்கள் பெண்கள் பதில் தெரியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தவர்களின் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள்.

ஹேமலதா எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தவள், இங்கிலீஷில் எம்.ஏ. முடித்து, வேலைக்கு எழுதாத பரீட்சை இல்லை, போகாத கம்பெனி இல்லை, கட்டினவனும் விட்டுப்போய்விட, ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்குக்கண்ணாடி, மூக்கின் ஓரத்தில் ஒரு மச்சம், ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி எப்போதும் எதையோ யோசிக்கிற மாதிரியான முகம். யாரோ ஒரு கெட்டிக்காரி அவளைத் தன் பிள்ளைக்கு அம்மா என்று அந்த ஏ.சி. அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடம் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஹேமலதாவின் வாசலில் எங்கள் செருப்புதான் கிடந்தது. இன்டர்வியூ அம்மா என்று பெயரே ஆகிவிட்டது. அப்பாக்களுக்கு மாற்று ஆள் தேவைப்படவில்லை, எல்லா அப்பாவும் துபாயில் இருக்கிறார் என்று சொன்னால் போதும், பள்ளிக்கூடத்துக்கு அது பிடித்திருந்தது, கட்டணம் ஒழுங்காக வந்ததால் ஒரே அம்மா திரும்பத் திரும்ப வருவதையும் அது கண்டுகொள்ளவில்லை.

ஹேமலதா வேலையில் சுத்தம். இன்டர்வியூவுக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழும் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். மிச்சப் பாடத்தைப் பெற்றவள் நடத்துவாள். பள்ளிக்கூடத்தில் அவர்தான் உனக்கு மம்மி, என்னைக் கண்டால் யாரோ என்று இருக்க வேண்டும், மறந்தும் கிட்டே வந்துவிடக் கூடாது, வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிடக் கூடாது. எங்கள் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சோறு ஊட்டும்போதும் சொன்னார்கள், தலை துவட்டும்போதும் சொன்னார்கள், தூங்கப் போடும்போதும் சொன்னார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டன.

பேச்சித்தாய் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருத்தி. மில்லில் பருப்பில் கல் பொறுக்குகிறவள். அவள் புருஷன் மாடக்கண்ணு அதே மில்லின் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் துபாய்க்காரன். பள்ளிக்கூட வேன் மில் வாசலைத் தாண்டும் நேரத்துக்குச் சரியாக முதுகிலிருக்கும் மூட்டையை ரோட்டுப் பக்கம் திருப்பி, அதற்குப் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொள்வான். வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவர்கள் மகள் அபிநிஷா அந்த நேரத்துக்குச் சரியாகத் தன் ஷூவைப் பார்ப்பாள். மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் அப்பாவும் மகளும் அதில் நன்றாகப் பழகியிருந்தார்கள்.

ஒரு காலையில் ஜடை போடும்போது பேச்சி கண்ணாடியில் பார்த்தாள், மகளின் ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது.

"என்னடி, என்ன கேக்க?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

மறுவாரம் மூக்கோரத்தில் மச்சம் வந்தது. மை என்று நினைத்துப் பேச்சி எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், பிள்ளை அழுததே தவிர மச்சம் போகவில்லை. அப்புறம் தாடை கூராயிற்று, நெற்றி ஏறியது, பேச்சியின் ஆத்தாளிடமிருந்து பேச்சிக்கு வந்து பேச்சியிடமிருந்து பிள்ளைக்கு வந்திருந்த அந்தத் தட்டையான, அகலமான மூக்கு, சளி பிடித்தால் ஊரே சிரிக்கும் அந்த மூக்கு, கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி நேராக நின்றது. மாடக்கண்ணு சாப்பிட்டுக்கொண்டே மகளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இது யாரு சாடை?" என்றான். பேச்சி ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் வயிற்றில் பிறந்த பிள்ளை இன்னொருத்தி மாதிரி ஆகிறதே என்பதற்காக அல்ல, எல்லோரும் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்பதற்காக. தான் மட்டும்தான் இப்படி மாட்டிக்கொண்டதாக நினைத்திருந்தாள். மில்லில் டீ வந்த நேரத்தில் பக்கத்துச் சொளகுக்காரி காளீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆத்தி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. எங்க பயலுக்கு மூக்குல மச்சம் வந்துருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்த பெண்கள் டீ கிளாசைக் கீழே வைத்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் பேச்சி.

"இடது பக்கம்."

"புருவம்?"

"அதுவும்தான். பொம்பளப் புள்ள கணக்கா இருக்கான்னு அவுக அப்பன் என்னையப் போட்டு வையிறாக."

அப்புறம் ஒவ்வொருத்தியாக, என் வீட்டில் மூத்தது, என் வீட்டில் ரெண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்லி முடித்ததும் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பருப்புத் தூசியில் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். எல்லோருக்கும் நடந்துவிட்டால் எதுவும் பாதி அவமானம்தான்.

ஏன் மாறியது என்று ஊரில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. மாறிய முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எங்கள் கவலை. ஆதார் சென்டரில் புதுப் படம் எடுக்க வரிசை நின்றது, கம்ப்யூட்டர்காரப் பையன் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்துவிட்டு அடுத்த ஆள் என்றான், ரேகை சரியாக இருந்தால் அவனுக்குப் போதும். டாக்டர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சத்து டானிக் எழுதினார். ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மாரியம்மன் கோவில் பூசாரி நட்சத்திரம் கேட்பதை நிறுத்திவிட்டு மம்மி பிள்ளைகள் என்று மொத்தமாக ஒரு அர்ச்சனை செய்தார். ஆண்கள்தான் பாவம், டீக்கடைப் பக்கம் போனால், "என்னப்பா, உன் மகளும் என் மகனும் ஒரே சாடையில இருக்கு, நீ துபாய்ல என்ன பண்ணுன?" என்று கேலி நடந்தது, சில நாள் கை கலப்பும் நடந்தது.

பிறகு அந்த முகத்துக்கு மரியாதை இருப்பதை நாங்கள் கண்டுபிடித்தோம். அதைக் கண்டதும் கண்டக்டர் பிள்ளையை ஏய் என்று சொல்லாமல் வாங்க பாப்பா என்றார். ஜவுளிக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். பாங்கில் மாடக்கண்ணு போனால் அப்புறம் வா என்கிற கிளார்க், அவன் மகளும் கூட நின்றபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகளின் வாயிலிருந்து வந்த இங்கிலீஷ் எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் அந்த முகத்திலிருந்து வந்ததால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். படிச்ச முகம் என்றே அதற்குப் பெயர் வந்தது. அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள்கூட ஹேமலதாவிடம் வந்து, இன்டர்வியூ எல்லாம் வேண்டாம், என் பிள்ளையின் கன்னத்தை மட்டும் ஒரு தடவை தடவிவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

அவள் ஒருநாள் பேச்சியின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"பேச்சி, நான் வேணும்னு செய்யலைங்க. எனக்கு எதுவும் தெரியாது."

"ஐயையோ, உங்கள யாரு மேடம் குத்தம் சொன்னா? நல்லாத்தான இருக்கு. மூக்கும் முழியுமா இருக்கு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

பேச்சி சிரித்துக்கொண்டே அடுப்பை ஊதினாள். "எம்மூஞ்சிய வச்சு அது என்ன மேடம் செய்யப்போகுது?" என்றாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த அபிநிஷா எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள். ஹேமலதாவுக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது, அந்த ஆசையே அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது. கொண்டுவந்த வாழைப்பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேச்சி பொய் சொன்னாள். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பொங்கலுக்குத் துணி எடுக்கப் போன கடையில், கூட வந்தது யார் பாப்பா என்று கடைக்காரர் கேட்டபோது, அபிநிஷா கொஞ்சமும் தடுமாறாமல், "வீட்ல வேலை பாக்குற அக்கா" என்றாள். பேச்சி பையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றாள். சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை மறக்கவில்லை என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வீடு வந்து சேருகிறவரை அந்த இரண்டடியை அவள் குறைக்கவில்லை. அன்றிலிருந்து மகளுக்குத் தலை சீவும்போது கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். மயிர் மட்டும் மாறவில்லை, அது அவளுடைய சுருட்டை மயிராகவே இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சீவினாள்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஆண்டு விழாப் படம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் பெருமையாகப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வகுப்பில் தனித்தனியாகப் பார்க்கும்போது டீச்சர்களுக்குத் தெரியாதது, அவர்கள் மார்க்கைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை, அந்த ஃப்ளெக்ஸில் ஊருக்கே தெரிந்தது. முதலாளி வீட்டுப் பிள்ளை ஒரு முகம், டாக்டர் வீட்டுப் பிள்ளை ஒரு முகம், மண்டிக்காரர் பிள்ளை ஒரு முகம், அவர்களுக்கு நடுவிலும் பின்னாலும் ஓரத்திலும் ஒரே முகம், ஒரே மச்சம், ஒரே புருவம். யார் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக நாங்கள் வாங்கிய முகமே, இவர்கள்தான் அவர்கள் என்று ரோட்டில் நிறுத்திக் காட்டிவிட்டது.

மில் முதலாளியின் மருமகள் சுபாஷினி காரை நிறுத்தி அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் மகன் பக்கத்தில் அந்த முகம் அவன் தோளில் கை போட்டு நின்றது. அது அபிநிஷா. சுபாஷினி நேராகப் பள்ளித் தாளாளரிடம் போனாள்.

"யாரு வேணா படிக்கட்டும் சார், நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா என் பையன் யார்கூட உட்காந்து சாப்பிடுறான்னு எனக்குத் தெரியணும்ல? எங்க மில்லுல வேலை பாக்குறவ பிள்ளை எதுன்னு மட்டும் சொல்லுங்க."

தாளாளருக்குத் தெரியவில்லை. அவரிடம் இருந்த பெயர்களுக்கெல்லாம் நேரே துபாய் என்றும் ஹேமலதா என்றும்தான் இருந்தது. அவர் பொல்லாதவர் இல்லை, கட்டணமும் வேண்டும், முதலாளி வீட்டுத் தயவும் வேண்டும் என்று நினைக்கிற சாதாரண மனுஷர். யோசித்து ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை அந்த முகப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்துவோம், மில் பெண்களை வரவழைப்போம், அவரவர் தன் பிள்ளையைக் காட்டினால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கௌரவமாகக் கூட்டி அனுப்பிவிடலாம், யாரும் என் பிள்ளை என்று சொல்லாத பிள்ளை ஹேமலதா மேடத்தின் பிள்ளை, பட்டதாரி வீட்டுப் பிள்ளை, அது பாட்டுக்குப் படிக்கட்டும், யாரும் குறை சொல்ல முடியாது. சுபாஷினிக்கும் அது நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை மில் வேனில் எங்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை நாளும் அந்தக் கேட்டைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள், உள்ளே காலை வைக்கும்போது செருப்பைக் கழற்றினார்கள். வாட்ச்மேன் பரவாயில்லை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மைதானத்தில் வெயில். பிள்ளைகள் வரிசையாக, வெள்ளைச் சட்டை, நீல டை, மெருகு போட்ட ஷூ, அத்தனைக்கும் மேலே அதே முகம். ஆணும் பெண்ணுமாக ஹேமலதா வளர்ந்தும் வளராமலும் நின்றுகொண்டிருந்தாள். நிஜ ஹேமலதா ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் திகைத்துப் போனார்கள். வீட்டில் ஒன்றிரண்டாகப் பார்த்த முகம் வரிசையாக நின்றபோது, பெற்றவளுக்கே தன் பிள்ளை எது என்று தெரியவில்லை. ஷூவும் சாக்ஸும் டையும் மயிரை மறைத்த தொப்பியும் எல்லா அடையாளத்தையும் மூடியிருந்தன.

"ஒவ்வொருத்தரா நடந்து வாங்க. பயப்படாம சொல்லுங்க" என்றார் தாளாளர்.

காளீஸ்வரி முதலில் போனாள். பிள்ளைகள் அவளைச் சாதாரணமாகத்தான் பார்த்தன, சில சிரிக்கக்கூடச் செய்தன, அவள் அவர்களுக்கு யாரோ ஒரு பருப்பு மில் பொம்பளை. ஒரே ஒரு தலை மட்டும் அவள் கிட்டே வர வரக் குனிந்தது. காளீஸ்வரி அதைப் பார்த்தாள். பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். தாளாளர் பார்க்கவில்லை, சுபாஷினியும் பார்க்கவில்லை, அவர்கள் பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளீஸ்வரி அந்தக் குனிந்த தலையைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து, "எம்பிள்ளை இதுல இல்லைங்க" என்றாள். அடுத்தவள் நடந்தாள், அவளுக்கும் ஒரு தலை குனிந்தது, அவளும் இல்லைங்க என்றாள். அதற்கு அடுத்தவளுக்கும் அப்படியே. எந்தப் பிள்ளை யாரைப் பார்த்து வெட்கப்பட்டதோ அந்தப் பிள்ளை அவளுடையது, இதைவிடச் சுத்தமான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடையாது, அந்தச் சாட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பொய் சொன்னார்கள்.

பேச்சியின் முறை வந்தது. அவள் மெதுவாக நடந்தாள். ஒருவேளை தன் பிள்ளை குனியாமல் இருந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பயம், குனிந்துவிட்டால் எப்படித் தாங்குவது என்று இன்னொரு பயம். பாதி வரிசை தாண்டியபோது ஒரு தலை குனிந்தது. ஒரு ஷூ இன்னொரு ஷூவை மிதித்துக்கொண்டது. பேச்சியின் கால் தானாக நின்றுவிட்டது.

சுபாஷினி உடனே எழுந்தாள். "என்ன பேச்சி, இதுவா?"

"இல்லைங்கம்மா."

"பின்ன ஏன் நின்ன? உன் பிள்ளை எது, காட்டு. நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம்."

காட்டினால் பிள்ளை நாளைக்கு வேனில் ஏற முடியாது, இத்தனை வருஷம் தின்னாமல் உடுத்தாமல் சேர்த்தது மண்ணாகும், அபிநிஷாவும் ஒருநாள் சொளகைத் தூக்கிக்கொண்டு மில் வரிசையில் வந்து உட்காருவாள். இல்லை என்று மட்டும் சொன்னால் சுபாஷினி விடமாட்டாள் போலிருந்தது. அவள் வாயிலிருந்து அவளே நினைக்காத ஒன்று வந்தது.

"எனக்குப் பிள்ளையே இல்லைங்கம்மா. நான் மலடிங்க."

சுபாஷினி சரி என்று உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் தன் மில்லில் வேலை பார்க்கிறவளுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று அவள் கேட்டதே இல்லை, அதனால் நம்புவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. குனிந்திருந்த தலை மட்டும் நிமிர்ந்தது. ஹேமலதாவின் கண்களால் அபிநிஷா தன் அம்மாவைப் பார்த்தாள். பேச்சி திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய்ப் பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டாள்.

எல்லோரும் இல்லை என்று சொன்ன பிறகு தாளாளர் திருப்தியாகக் கை தட்டினார், மேடத்தின் பிள்ளைகள் வகுப்புக்குப் போகலாம் என்றார். எங்கள் பெண்களை வேனில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள், அரை நாள் கூலி பிடிக்க மாட்டோம் என்று சுபாஷினி சொல்லி அனுப்பியிருந்தாள், நாங்கள் அதற்கும் கும்பிடு போட்டோம். பிள்ளைகள் பிழைத்துவிட்டன, காரியம் ஜெயம்தான், ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மில் சங்கு ஊதுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூட வேன் மில் வாசலில் நின்றது. அங்கே நிற்கவே நிற்காத வேன். அபிநிஷா அதிலிருந்து குதித்து இறங்கி, பையை ரோட்டிலேயே போட்டுவிட்டு, லாரிக்கும் மூட்டைக்கும் நடுவே ஓடிவந்தாள். "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். மம்மி இல்லை, அக்கா இல்லை, வீட்டுக்குள் மட்டும் சொல்லும் அந்த அம்மாவை ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். மூட்டையோடு நின்ற மாடக்கண்ணு அதை எங்கே திருப்புவது என்று தெரியாமல் அப்படியே கீழே போட்டான்.

பேச்சி சொளகைப் போட்டுவிட்டு எழுந்தாள். பருப்புத் தூசிக்குள் ஓடிவந்த பிள்ளையைப் பார்த்தாள். மச்சம் இல்லை. புருவம் இறங்கியிருந்தது. அகலமான மூக்கு, அழுததில் சிவந்து, ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுடைய மூக்கு, அவள் ஆத்தாளுடைய மூக்கு. பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், சில பேர் ஆத்தி என்றார்கள், காளீஸ்வரி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"நான்தாம்மா" என்று அபிநிஷா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உனக்குப் பிள்ளை இல்லன்னு சொல்லாதம்மா. நான்தான் உம்பிள்ளை. பாரு, நல்லாப் பாரும்மா."

பேச்சி பார்த்தாள். தன் பிள்ளை திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு வந்திருக்க வேண்டும், பெற்றவள் யாருக்கும் அதுதான் வரும். அவளுக்கு அது வரவில்லை. இந்த மூஞ்சியோடு திங்கட்கிழமை எப்படி வேனில் ஏறுவாள் என்பதுதான் முதலில் வந்தது. அவள் கை அவளைக் கேட்காமலே சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடியது.

"வேன்ல இருந்த பிள்ளைக யாரும் பாக்கலையே?" என்றாள்.

அபிநிஷா தலைப்பை விலக்கவில்லை. அழுகையும் நின்றுவிட்டது. சேலைக்குள்ளிருந்து ரொம்ப மெதுவாக, "பாக்கல மேடம்" என்றாள்.